மாணவர் மனதை இயந்திரம் படிக்குமா? கற்றல் கணிப்பு, உணர்ச்சிக் கணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயந்திரக் கற்றலை (பழைய தரவிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்வதை) வைத்து மனிதரின் கற்றலைக் கணிப்பது என்கிறார்களே, சரியாக எதைக் கணிக்கிறார்கள்?

பெரும்பாலும் மிகச் சிறிய ஒன்றை. ஒரு மாணவி செயலியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த கணக்குக்குச் சரியாக விடை சொல்வாளா, மாட்டாளா? இந்தத் துறையின் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது. கொஞ்சம் பெரிய கேள்விகளும் உண்டு. இன்று படித்த சொல் அடுத்த வாரம் நினைவிருக்குமா? இந்தப் பையன் படிப்பைப் பாதியில் விட்டுவிடுவானா? உணர்ச்சிப் பக்கம் வந்தால், இப்போது அவனுக்குச் சலிப்பா, குழப்பமா, எரிச்சலா என்று கேட்கிறார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் நுட்பங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். நம்பகத்தன்மைதான் வேறு. அடுத்த விடை சரியா தவறா என்பது சில விநாடிகளில் தெரிந்துவிடும், கணிப்பு பொய்த்தால் அங்கேயே அம்பலமாகிவிடும். சலிப்பை அப்படிச் சரிபார்க்க வழியில்லை. யாரோ ஒருவர் பார்த்துவிட்டு 'சலிப்பு' என்று எழுதி வைத்ததுதான் அங்கே 'சரியான விடை'. கீழே உள்ள பதில்களில் நான் ஒன்றை நம்புவதற்கும் இன்னொன்றைச் சந்தேகிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒருவர் ஒன்றைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பதை எண்ணாக எப்படிச் சொல்ல முடியும்?

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் கார்பெட்டும் ஜான் ஆண்டர்சனும் 1990களின் நடுவில் கொடுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பேய்சியன் நாலெட்ஜ் டிரேசிங் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், உள்ளே இருப்பது நான்கே எண்கள்.

ஒரு திறனை, பின்னக் கூட்டல் என்று வைத்துக்கொள்வோம், மாணவர் தொடங்கும் முன்பே அறிந்திருக்கும் வாய்ப்பு முதல் எண். ஒவ்வொரு கணக்கையும் போட்டு முடித்தவுடன் புதிதாகக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு இரண்டாவது. தெரியாமலே குத்துமதிப்பாகச் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு மூன்றாவது. தெரிந்தும் கை தவறித் தப்பாகப் போடும் வாய்ப்பு நான்காவது. இந்தக் கடைசி இரண்டும்தான் இதன் அழகு. சரியான விடை வந்ததால் மட்டும் 'தெரியும்' என்று முடிவுகட்டாது, ஒரு தவறுக்காக 'தெரியாது' என்றும் தள்ளாது. நல்ல ஆசிரியர் செய்வதும் அதுதானே.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். முன்பே தெரிந்திருக்க 40% வாய்ப்பு, ஒவ்வொரு முறையும் கற்க 15%, குத்துமதிப்பு 20%, கைதவறல் 10%. முதல் விடை சரி என்றால், அறிந்திருக்கும் வாய்ப்பு 40-இலிருந்து சுமார் 79 சதவீதத்துக்குத் தாவும். இரண்டாவது விடையும் சரி என்றால் 95-ஐத் தொடும். கார்னகி மெலன் குழுவின் கணித மென்பொருள்கள் 95 சதவீதத்தைத்தான் 'கைவந்துவிட்டது' என்பதற்கு எல்லையாக வைத்தன. அதைத் தாண்டினால் அடுத்த பாடம். முதல் விடையே தவறாக இருந்தால் 40 என்பது 21 அல்லது 22 சதவீதத்துக்கு இறங்கும், ஆனால் பூச்சியமாகாது. இந்தக் கணக்குக்குக் கணினிகூடத் தேவையில்லை, ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

குறையும் உண்டு. இங்கே மறதிக்கு இடமில்லை: ஒருமுறை கற்றவர் கற்றவர்தான்.

மறதியை யார் கணக்கில் எடுத்தார்கள்?

அது இன்னும் பழைய கதை. ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. முதலில் சரசரவென்று இறங்கி, அப்புறம் மெதுவாகும் அந்த வளைகோட்டை இன்றைய செயலிகளும் வைத்திருக்கின்றன.

மொழி கற்பிக்கும் செயலியான டுவோலிங்கோவின் பர் செட்டில்ஸும் பிரெண்டன் மீடரும் 2016-இல் அதை இயந்திரக் கற்றலோடு சேர்த்தார்கள். கதிரியக்கத்தில் வரும் அரை ஆயுள் என்ற கருத்தையே நினைவுக்கும் வைத்தார்கள். ஒரு சொல்லின் அரை ஆயுள் 4 நாள் என்றால், 4 நாள் கழித்து அது நினைவிருக்க 50% வாய்ப்பு, 8 நாள் கழித்து 25%. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் அந்த அரை ஆயுள் எவ்வளவு என்பதை, முன்பு எத்தனை முறை சரியாகச் சொன்னார், எத்தனை முறை தவறவிட்டார் என்பதிலிருந்து மாடல், அதாவது தரவில் பழகிய கணிப்புச் சூத்திரம், கற்றுக்கொள்கிறது.

நீட், குடிமைப்பணித் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் சிலர் அன்கி என்ற நினைவு அட்டைச் செயலியைப் பயன்படுத்துவார்கள். அதன் பழைய அட்டவணை முறை, போலந்தின் பியோட்டர் வோஸ்னியாக் 1987-இல் எழுதிய விதிகளிலிருந்து வந்தது. 2023 முதல் எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய முறையும் அதில் இருக்கிறது. நீங்கள் முன்பு எந்த அட்டையை எப்போது மறந்தீர்கள் என்ற உங்கள் சொந்த வரலாற்றை வைத்தே தன்னைச் சரிசெய்துகொள்ளும். என்னைக் கேட்டால், கற்றல் கணிப்பில் சாதாரண ஆளுக்கு உண்மையிலேயே பயன்படும் வேலை இதுதான். கணிப்பு தவறினால் ஓர் அட்டை ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ வரும், அவ்வளவுதான். யார் தலையும் உருளாது.

டீப் லேர்னிங் வந்த பிறகு எல்லாம் மாறியிருக்குமே?

மாறியது என்றுதான் 2015-இல் எல்லோரும் நினைத்தோம். ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ் பீச் குழு, நான்கு எண்களுக்குப் பதிலாக ஒரு நியூரல் நெட்வொர்க்கை (மூளை நரம்புகளைப் போலப் பின்னிய, ஏராளமான எண்களின் வலையை) வைத்தது. அசிஸ்ட்மென்ட்ஸ் என்ற கணிதப் பயிற்சித் தளத்தின் தரவில் பழைய முறையைவிடப் பெரிய முன்னேற்றம் காட்டியது. அவர்கள் பயன்படுத்திய அளவுகோலில் நாணயம் சுண்டினால் 0.5, முழுக்கச் சரியென்றால் 1. புதிய மாடல் 0.86 எடுத்தது.

அடுத்த ஆண்டே இரண்டு பின்குறிப்புகள் வந்தன. அந்தத் தரவில் ஒரே விடை பல வரிகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்ததை ஒரு குழு கண்டுபிடித்தது. ஒரு வரியைப் பார்த்துவிட்டால் அடுத்த வரியைச் சொல்வது எளிதுதானே. அவற்றை நீக்கியதும் மதிப்பெண் கணிசமாகக் குறைந்தது. இன்னொரு குழு, பழைய முறையில் மறதியையும் ஆளுக்கு ஆள் உள்ள திறமை வேறுபாட்டையும் சேர்த்துப் பார்த்தது. புதிய மாடலுக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. அதற்குப் பின் டிரான்ஸ்ஃபார்மர் என்ற இன்னும் புதிய நியூரல் நெட்வொர்க் வகை மாடல்களும் வந்துவிட்டன, இன்னும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் கூடுதல் தசம இலக்கத்துக்காக, 'ஏன் இந்த மாணவிக்கு இந்தக் கணக்கு?' என்று கேட்டால் பதில் சொல்ல முடியாத மாடலை ஏற்பதா என்பது வகுப்பறையில் நியாயமான கேள்வி. நான் ஏற்கமாட்டேன்.

யார் படிப்பை நிறுத்துவார், யார் தேர்ச்சி பெறமாட்டார் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். அதனால் என்ன நன்மை என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2012 முதல் இப்படி ஒரு முன்னெச்சரிக்கை அமைப்பை நடத்துகிறது. தேர்வு மதிப்பெண், வருகை, ஒழுங்கு நடவடிக்கை, இனம் என்று பலவற்றை எடுத்துக்கொண்டு, நடுநிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் உரிய காலத்தில் பள்ளிப்படிப்பை முடிப்பாரா என்று சொல்லும். 2023-இல் தி மார்க்கப் என்ற செய்தி நிறுவனம் தோண்டிப் பார்த்தது. 'இவர் முடிக்கமாட்டார்' என்று அது கொடி காட்டியவர்களில் நால்வரில் மூவர் அளவுக்கு முடித்திருந்தார்கள். கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்கள்மீது பொய் எச்சரிக்கை கூடுதலாக விழுந்தது.

அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்தாண்டுத் தரவை எடுத்து வேறு கோணத்தில் பார்த்தார்கள். மாணவர்களை அபாய வரிசையில் அடுக்குவதை அந்த அமைப்பு நன்றாகவே செய்தது என்றார்கள். ஆனால் அதனால் படிப்பை முடித்தவர்கள் கூடியதற்குச் சொல்லும்படியான ஆதாரம் கிடைக்கவில்லை. இன்னும் சுவையான பகுதி: தனிமாணவர் விவரம் எதுவும் வேண்டாம், அவர் எந்தப் பள்ளியில், எந்த மாவட்டத்தில் படிக்கிறார் என்பதை வைத்து உதவியைப் பகிர்ந்தாலே அதே பலன் கிடைக்கும் என்றார்கள். அதாவது பிரச்சினை எங்கே என்று முன்பே தெரியும். பணம் போய்ச் சேர வேண்டிய பள்ளிகளின் பட்டியல் அலுவலக அலமாரியிலேயே இருக்கிறது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஒரு போட்டியையும் சொல்ல வேண்டும். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் குழந்தை பிறந்தது முதல் திரட்டிய தரவு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விவரங்கள். அதை வைத்துப் பிள்ளையின் 15 வயது மதிப்பெண் சராசரி உட்பட ஆறு விஷயங்களைக் கணிக்க வேண்டும். 160 குழுக்கள் முயன்றன. 2020-இல் வெளியான முடிவு: மிகச் சிறந்த மாடல்கூட, நாலே விவரங்களை வைத்துப் போடும் சாதாரணப் புள்ளியியல் சமன்பாட்டைவிடக் கொஞ்சம்தான் மேல். மதிப்பெண்ணில் உள்ள ஏற்றத்தாழ்வில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் அந்தச் சிறந்த மாடலாலும் விளக்க முடிந்தது. மீதி நாலு பங்கு யார் கையிலும் சிக்கவில்லை. எனக்கு இது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

நம் பக்கத்தில் ஆந்திராவில் அரசும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து இடைநிற்றல் கணிப்பை விசாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து தொடங்கிச் செய்து பார்த்திருக்கின்றன. அங்கேயும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பட்டியல் கைக்கு வந்த பிறகு, அந்த வீட்டுக் கதவைத் தட்டப் போனது யார்?

இங்கிலாந்தில் அல்காரிதம் மதிப்பெண் போட்டதாகச் சொல்வார்களே, அதுவும் இதுதானா?

இல்லை, அது இயந்திரக் கற்றல்கூட இல்லை. 2020-இல் கொரோனாவால் ஏ-லெவல் எனும் பள்ளியிறுதித் தேர்வு நடக்காததால், ஆசிரியர் கொடுத்த கிரேடுகளைப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் சாதனையை வைத்து ஒரு சூத்திரம் திருத்தியது. சுமார் 40% கிரேடுகள் இறங்கின. ஆகஸ்ட் 13 முடிவு வெளியானது, 17-ஆம் தேதி வாபஸ். நல்ல பள்ளியில் சுமாராகப் படித்தவர் தப்பினார், சுமாரான பள்ளியில் நன்றாகப் படித்தவர் அடிபட்டார். கும்பலின் சராசரியை ஒரு தனி ஆளின் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடையாது.

சரி, உணர்ச்சிக்கு வருவோம். முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்க முடியுமா?

முகத்தைப் பார்த்து முகபாவத்தைக் கண்டுபிடிக்கலாம். புருவம் சுருங்கியிருக்கிறது, உதடு விரிந்திருக்கிறது என்பதை மென்பொருள் நன்றாகவே சொல்லும். அதிலிருந்து 'கோபமாக இருக்கிறார்' என்பதற்கு ஒரு தாவல் தேவை. அந்தத் தாவல்தான் பலவீனம்.

அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன், உலகத்தார் எல்லோருக்கும் பொதுவான சில அடிப்படை உணர்ச்சிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி முகபாவம் உண்டு என்றார். பாப்புவா நியூ கினியின் ஃபோரே மக்களிடம் போய்ப் படங்களைக் காட்டி ஆய்வு செய்தார். 1978-இல் அவரும் வாலஸ் ஃப்ரீசனும் முகத் தசை அசைவுகளுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் தந்தார்கள். கணினிக்காரர்களுக்கு இது மிகவும் வசதி: உணர்ச்சி ஆறு, ஏழு பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. வணிக மென்பொருள்கள் பலவும் இந்தப் பெட்டிகளின்மேல் கட்டியவைதான்.

2019-இல் உளவியலாளர் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் வேறு நான்கு ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டி ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். கோபத்தில் இருக்கும்போது மனிதர்கள் முகத்தைச் சுளிப்பது ஏறக்குறைய 30% நேரம்தான். மீதி நேரம் அமைதியாக இருக்கிறார்கள், அழுகிறார்கள், சிரிக்கவும் செய்கிறார்கள். மறுபக்கம், சுளித்த முகம் எல்லாம் கோபமும் இல்லை. கடினமான கணக்கு முன்னால் இருந்தால் நெற்றி சுருங்கத்தான் செய்யும். வகுப்பறைக் கேமரா மிகச் சிரத்தையாகப் படிக்கும் பிள்ளையைத்தான் 'கோபம்' என்று குறித்து வைக்கும்.

பயிற்சித் தரவையும் பாருங்கள். பலரும் பயன்படுத்தும் எஃப்.இ.ஆர். 2013 தொகுப்பில் 35,887 படங்கள். ஒவ்வொன்றும் நீளம் 48, அகலம் 48 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். கூகுள் படத்தேடலில் உணர்ச்சிச் சொற்களைப் போட்டுத் திரட்டியவை. படத்தில் இருப்பவரிடம் 'அப்போது என்ன உணர்ந்தீர்கள்?' என்று யாரும் கேட்கவில்லை, பலர் கேமராவுக்காகப் பாவம் காட்டியவர்கள். இந்தப் படங்களை மனிதர்களே வகைப்படுத்தினாலும் சுமார் 65% தான் ஒத்துப்போகிறது. 'அருவருப்பு' வகையில் 547 படங்கள் மட்டுமே.

பாரபட்சமும் இருக்கிறது. 2018-இல் லாரன் ரூ என்ற ஆய்வாளர், அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களின் படங்களை இரண்டு வணிக மென்பொருள்களிடம் கொடுத்துப் பார்த்தார். புன்னகை ஒரே அளவில் இருந்தாலும் கறுப்பின வீரர்களுக்குக் கோபம் போன்ற எதிர்மறை உணர்ச்சிகளையே கூடுதலாகக் கொடுத்தன. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி கணிக்கும் வசதியை விலக்குவதாக அறிவித்தது. 'உணர்ச்சி' என்பதற்கே அறிவியலில் ஒருமித்த வரையறை இல்லை என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

கேமரா இல்லாமல் உணர்ச்சியைக் கணிக்க வழி உண்டா?

உண்டு. எனக்கு இந்தத் துறையில் பிடித்த பகுதியும் இதுதான்.

கல்வித் தரவு ஆய்வாளர் ரயன் பேக்கரும் உடன் உழைத்தவர்களும், மாணவர் மென்பொருளில் என்ன அழுத்துகிறார், எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்ற பதிவுகளை மட்டும் வைத்து முயன்றார்கள். பயிற்சிக்கான விடை எங்கிருந்து வரும்? பயிற்சி பெற்ற பார்வையாளர்கள் வகுப்புக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையையும் 20 விநாடி வரை ஓரக்கண்ணால் கவனித்து, 'குழப்பம்', 'சலிப்பு', 'எரிச்சல்', 'ஆழ்ந்த கவனம்' என்று ஃபோனில் குறித்துக்கொள்வார்கள். நேராக முறைத்துப் பார்த்தால் பிள்ளை மாறிவிடுமே, அதனால்தான் ஓரக்கண். பழகிய பார்வையாளரோடு போதிய அளவு ஒத்துப்போனால்தான் புதியவருக்குத் தகுதிச் சான்று. அந்தக் குறிப்புகளை விசை அழுத்தங்களோடு பொருத்தி மாடலைப் பயிற்றுவிக்கிறார்கள்.

வந்த முடிவுகளில் ஒன்று ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயன்படும். சிட்னி டி'மெல்லோ, ஆர்தர் கிரேசர், மணிலாவின் மெர்சிடிஸ் ரோட்ரிகோ ஆகியோருடன் பேக்கர் 2010-இல் வெளியிட்டது: எரிச்சலைவிடச் சலிப்புதான் மோசம். சலிப்பு ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. சலித்த பிள்ளைதான் குறுக்குவழிக்குப் போகும்: குறிப்பு பொத்தானைத் தொடர்ந்து அழுத்தி விடையை வரவழைப்பது, இருக்கிற தெரிவுகளையெல்லாம் வரிசையாகச் சொடுக்குவது. குழப்பமோ, அப்புறம் தீர்ந்துவிட்டால், கற்றலுக்கு நல்லதாகவே அமைகிறது என்று டி'மெல்லோவும் கிரேசரும் பின்னர் காட்டினார்கள். குழம்பிய பிள்ளையைக் கண்டவுடன் ஓடிப்போய் விடையைச் சொல்லும் செயலி, உதவி செய்வதாக நினைத்துக் கெடுக்கிறது.

துல்லியம் எவ்வளவு என்று கேட்டால், சுமார்தான். அசிஸ்ட்மென்ட்ஸ் தளத்தில் நடுநிலைப்பள்ளியில் கணக்குப் போட்ட பதிவுகளிலிருந்து, பிற்பாடு யார் கல்லூரியில் சேர்வார் என்று 2013-இல் இதே வழியில் கணித்தார்கள். சேர்ந்த ஒருவரையும் சேராத ஒருவரையும் முன்னால் வைத்தால், 100-க்கு 69 தடவை போலச் சரியாகப் பிரித்துச் சொன்னது. பல வருடம் முன்னாடி கணக்குப் போட்ட விதத்தை மட்டும் வைத்து இவ்வளவு சொன்னது ஆச்சரியம்தான். ஆனால் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை எழுத இது போதாது. பாடத்திட்டத்தில் எந்த இடம் எல்லோருக்கும் சலிப்பூட்டுகிறது என்று கண்டுபிடிக்கத் தாராளமாகப் போதும்.

ஸ்மார்ட் வாட்ச், தோலில் ஒட்டும் சென்சார் எல்லாம்?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ரோசலிண்ட் பிகார்ட் 1990களில் உணர்ச்சிக் கணிப்புத் துறைக்குப் பெயர் கொடுத்து வளர்த்தவர், தோலின் மின்கடத்தலை அளக்கும் கருவிகளில் நிறைய வேலை செய்திருக்கிறார். வியர்வையும் இதயத் துடிப்பும் உடல் கிளர்ந்திருக்கிறது என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது. தேர்வுப் பயத்திலும் துடிப்பு ஏறும், கடைசி ஓவரிலும் ஏறும்.

தமிழில் எழுதியதிலிருந்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கிறார்களா?

முயல்கிறார்கள். பாரதி ராஜா சக்கரவர்த்தியும் குழுவினரும் 2020-இல் யூடியூபின் தமிழ்ப்பட டிரெய்லர்களுக்கு வந்த 15,744 கருத்துகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் நேர்மறையா எதிர்மறையா கலவையா என்று குறித்து வெளியிட்டார்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து, பெரும்பாலும் ரோமன் எழுத்தில் தட்டியவை. நாம் உண்மையில் எழுதுகிற தமிழ் அதுதான் என்பதால் இந்தத் தொகுப்புக்கு மதிப்பு அதிகம்.

சிரமங்களும் அங்கேயே தெரியும். ரசிகர்கள் எழுதியது என்பதால் பெரும்பாலானவை நேர்மறை. ஒரே சொல்லை ஐந்து விதமாக எழுத்துக்கூட்டுவோம். அப்புறம் நக்கல்: 'படம் பார்த்துட்டு கண்ணீர் வந்துருச்சு, டிக்கெட் காசை நெனச்சு' என்று ஒருவர் எழுதினால், முதல் பாதியைப் பார்த்து மாடல் நெகிழ்ந்துபோகும். தீவிரமான வேலைகளுக்கு, உதாரணமாக ஒருவரின் எழுத்திலிருந்து மனச்சோர்வைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்க, இப்போதுள்ள தமிழ்க் கருவிகளை நம்பக்கூடாது என்பது என் கருத்து.

வகுப்பறையில் உண்மையாகவே இப்படிக் கேமரா வைத்திருக்கிறார்களா?

வைத்தார்கள். சீனாவின் ஹாங்சோ நகரில் ஒரு பள்ளி 2018-இல் 30 விநாடிக்கு ஒருமுறை மாணவர் முகங்களைப் படித்து வகைப்படுத்தும் கேமராக்களைப் பொருத்தியது. மாணவர்கள் கவனமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. வேறென்ன நடக்கும்? 2019-இல் ஜின்ஹுவா பகுதியின் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளின் தலையில் மூளை அலை அளக்கும் பட்டையைக் கட்டிய விடியோ வெளியானது. பெற்றோரும் இணையமும் கொதித்ததும், கல்வி அதிகாரிகள் அதை நிறுத்தினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய ஒன்றியம் நேராகவே தடை போட்டுவிட்டது. அதன் செயற்கை நுண்ணறிவுச் சட்டப்படி 2025 பிப்ரவரி 2 முதல் பணியிடத்திலும் கல்வி நிறுவனத்திலும் உணர்ச்சியைக் கணிக்கும் அமைப்புகள் கூடாது. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு. மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய வருவாயில் 7% வரை அபராதம். முகம், குரல் போன்ற உடல்சார் தரவிலிருந்து கணிப்பதற்குத்தான் இந்தத் தடை. பயிற்சி மென்பொருளில் விடைப் பதிவுகளை வைத்துச் செய்வது தடைக்குள் வராது, ஆனால் கற்றலை மதிப்பிடும் அமைப்புகளுக்கு வேறு கடுமையான விதிகள் உண்டு.

இந்தியாவில் உணர்ச்சிக் கணிப்புக்கென்று தனித் தடை இல்லை. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கோ, கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் என்று விதிகளில் விலக்கு இருக்கிறது. 'கல்விப் பணி' என்பதை எவ்வளவு நீட்டலாம் என்பதில்தான் நாளைய சண்டை.

இறுதியாண்டு ப்ராஜெக்டாக முக உணர்ச்சி கண்டறிதல் எடுத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?

வேறு தலைப்பு எடுங்கள் என்று சொல்ல ஆசை. எடுத்தாகிவிட்டது என்றால், தலைப்பில் 'உணர்ச்சி' என்ற இடத்தில் 'முகபாவம்' என்று போடுங்கள், பாதி விமர்சனம் போய்விடும். ஒரே ஆளின் படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இரண்டு பக்கமும் வராமல் பிரியுங்கள். வந்தால் மாடல் ஆளைத்தான் அடையாளம் காணும். துல்லியம் 75% என்று எழுதும் முன், எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொன்னால் எவ்வளவு வரும் என்று பாருங்கள். அதுவே 70% என்றால் உங்கள் சாதனை 5 மட்டும்தான்.

மாற்று வேண்டுமென்றால், அசிஸ்ட்மென்ட்ஸ் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு எண் மாடலை நீங்களே எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு நியூரல் நெட்வொர்க்கை வைத்து ஒப்பிடுங்கள். திரும்பப் பதிவான வரிகளை நீக்க மறக்க வேண்டாம். வாய்மொழித் தேர்வில் கேள்வி கேட்பவருக்கும் பேச ஏதாவது இருக்கும்.

எங்கள் பள்ளிக்கு ஒரு நிறுவனம் 'ஏ.ஐ. கவனக் கண்காணிப்பு' விற்க வருகிறது. என்ன கேட்பது?

விளக்கப் படங்களை மூடச் சொல்லிவிட்டு, 'கவனம் இல்லை' என்ற முத்திரையைப் பயிற்சித் தரவில் யார் போட்டார்கள் என்று கேளுங்கள். இதற்கே பல விற்பனையாளர்கள் திணறுவார்கள். பதில் வந்தால், நம் ஊர்ப் பிள்ளைகளிடம், கறுத்த நிறமும் டியூப்லைட் வெளிச்சமும் உள்ள வகுப்பில், சோதித்த முடிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கருவி ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டிய பிறகு ஆசிரியர் என்ன செய்ய வேண்டும், அப்படிச் செய்த பள்ளிகளில் கற்றல் கூடியதா என்பதற்கும் பதில் வாங்குங்கள். 50 பேர் உள்ள வகுப்பில் யார் தூங்குகிறார் என்பது ஆசிரியருக்குத் தெரியாமல் இல்லை. எழுப்பிப் பேச நேரம்தான் இல்லை.

என் மகள் படிக்கும் செயலி கேமரா அனுமதி கேட்கிறது. கொடுக்கலாமா?

நேரலை வகுப்புக்கோ, நோட்டில் போட்ட கணக்கைப் படமெடுத்து அனுப்பவோ என்றால் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுங்கள், வேலை முடிந்ததும் அமைப்புகளில் போய் நிறுத்திவிடுங்கள். காரணமே சொல்லாமல் கேட்டால் மறுத்துவிட்டுப் பாருங்கள். விடை சரியா தவறா என்று பார்க்க அதற்குக் கேமரா தேவையே இல்லை. மறுத்ததற்காகச் செயலி திறக்க மறுத்தால், தனியுரிமைக் கொள்கையில் உள்ள முகவரிக்கு எழுதி, மகளின் பெயரில் சேர்ந்த தரவை அழிக்கச் சொல்லி, செயலியையும் நீக்கிவிடுங்கள்.